கடை மூடிய வாரமும் கடை திறந்த நாளும்: ஊரடங்குக் காலப் புதுச்சேரியில் குடிநோய்ச் சிகிச்சை

2020 மே 25 அன்று, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு, புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தன. அதற்கு முந்தைய வாரங்களில் ஊரின் அரசியல் பேச்சு பெரும்பாலும் இந்தக் கடைகளைச் சுற்றியே ஓடியது. முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே இழுபறி. வரி எவ்வளவு போடுவது, தமிழ்நாட்டு விலைக்கு ஈடாக விற்பதா, ஊரடங்கில் கள்ளத்தனமாகச் சரக்கை வெளியே எடுத்த கடைகளின் உரிமத்தை என்ன செய்வது என்பவையே அன்றைய கேள்விகள். கடைசியில், மக்கள் 'கொரோனா வரி' என்று அழைத்த சிறப்புக் கலால் வரியோடு கதவுகள் திறந்தன. அந்த விவாதத்தில் குடிப்பவர் வாடிக்கையாளராக வந்தார், வரி கட்டுபவராக வந்தார், எல்லை தாண்டி வந்து கூட்டம் சேர்த்துத் தொற்றைப் பரப்பக்கூடியவராக வந்தார். நோயாளியாக அவர் வந்தது மிக அரிது.

பெருந்தொற்றுக் காலத்தில் புதுச்சேரி போன்ற ஊரில் குடிநோய்ச் சிகிச்சைக்கு இரண்டு தருணங்கள் உயிர்நாடியானவை. கடை மூடப்பட்ட முதல் வாரம் ஒன்று. கடை திறக்கப்பட்ட நாள் இன்னொன்று. முதலாவதில் உயிர் போகும் ஆபத்து இருந்தது. இரண்டாவதில், கிடைத்தற்கரிய ஒரு வாய்ப்பு கைநழுவியது. இரண்டையும் முன்கூட்டியே கணித்திருக்க முடியும். அதற்கான மருத்துவ அறிவும் மருத்துவமனைகளும் இந்த ஊரிலேயே இருந்தன என்பதுதான் வேதனை.

இந்த ஊருக்கும் மதுவுக்கும் உள்ள உறவு எல்லைக்கோட்டால் உருவானது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948க்குள் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரியில் அந்தச் சட்டம் செல்லாது. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடக்கும் நிலப்பகுதி இது. ஒரு தெரு தமிழ்நாடாகவும் அடுத்த தெரு புதுச்சேரியாகவும் இருக்கும். மதுவிலக்குக் காலத்தில் குடிக்க நினைத்தவர்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டுவது சில நிமிட நடை. 1954இல் இந்தியாவோடு நிர்வாகம் இணைந்த பிறகும், 1962இல் சட்டப்படி இணைந்த பிறகும், கலால் கொள்கை தனியாகவே நீடித்தது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் விலகி, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி விலகி, 1983இல் அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்து, பின்னர் சாராயமும் தடையான காலம் முழுவதும் புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் விடப்பட்டுச் சட்டபூர்வமாகவே நடந்துவந்தன. சுற்றுலாப் பயணி பார்ப்பது கடற்கரைச் சாலைப் பக்கத்து பார்களைத்தான். இந்த ஊரின் மூட்டை தூக்குபவர், கொத்தனார், மீன் ஏலக்கூடத்தில் நிற்பவர் ஆகியோரின் குடி சாராயக்கடையில் இருக்கிறது. அந்தக் குடி பெரும்பாலும் மாலைக் கேளிக்கை அன்று. நாள்பட்ட குடிநோயாளிக்கு அது காலை மருந்து. "ஒரு கிளாஸ் போட்டாத்தான் கை நிக்கும்" என்று அவர்களே சொல்வார்கள்.

அந்தச் சொல்லில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. ஆண்டுக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கும் விளைவுக்கு எதிராகத் தன்னைச் சதா முடுக்கிக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் அமுக்கம் போய்விடும். முடுக்கம் மட்டும் மிஞ்சும். முத்தியால்பேட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் நாற்பத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கடைசிக் குடி முடிந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. டீ டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கைகளாலும் வாய்க்குக் கொண்டுபோவார். அப்படியும் பாதி சட்டையில் சிந்தும். பன்னிரண்டு மணியிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வீட்டார் 'பிட்ஸ்' என்பார்கள், கையில் சாவியைத் திணிப்பார்கள். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு மூன்றாவது கட்டம் வரும். ஆள் யார், இடம் எது என்று தெரியாது. இல்லாத பூச்சியைப் படுக்கையிலிருந்து பொறுக்கி எடுப்பார். இரவில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று சுவரில் கதவைத் தேடுவார். காய்ச்சல் அடிக்கும், நாடி தாறுமாறாக ஓடும். மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று சொல்லும் இந்தக் கட்டத்தில், சிகிச்சை முறைகள் வளராத காலத்தில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று உரிய மருந்து கிடைத்தால் நூற்றில் ஐவருக்கும் குறைவு.

அந்த மருந்துகள் விலை உயர்ந்தவையும் அல்ல. டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு, ஈரல் கெட்டவர்களுக்கு லோரசெபாம். அவற்றோடு பி1 வைட்டமினான தயமின். குடிநோயாளிக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே வற்றிப்போன தயமினையும் அது தீர்த்துவிட்டு, கண் அசைவையும் நடையையும் நினைவையும் பறிக்கும் வெர்னிக்கி நோயில் கொண்டுபோய் விடலாம். சோர்ந்து கிடப்பவருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டு அனுப்பும்' பழக்கம் உள்ள நம் ஊரில் இந்தச் செய்தி ஒவ்வொரு செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 2020இன் நாட்காட்டியை இந்த மணிக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மார்ச் 17 அன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முதல் தொற்று மாஹேயில் உறுதியானது. 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு. அந்த ஓரிரு நாட்களில் மதுக்கடைகள், சாராயக்கடைகள், கள்ளுக்கடைகள் அத்தனையும் அடைக்கப்பட்டன. ஆக, மார்ச் 26 முதல் 30 வரையிலான நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வரிசைகட்டி வரும் என்று எந்த மனநல மருத்துவரும் விரல் விட்டுச் சொல்லியிருப்பார். பெங்களூரில் அது அப்படியே நடந்ததை அங்குள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் ஆவணப்படுத்தினார்கள். அந்நகர மருத்துவமனைகளுக்குக் கடுமையான மதுவிலகல் அறிகுறியோடு வந்தவர்கள் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே ஏறத்தாழ இரு மடங்கானார்கள் என்று அவர்களின் ஆய்வு அதே ஆண்டு வெளியானது. கடைகள் அதிகம், குடி அன்றாடம் என்று இருந்த புதுச்சேரியில் அந்த வாரம் இதைவிட இலேசாக இருந்திருக்க வழியில்லை.

மருந்து கிடைக்காதபோது மனிதர்கள் எதைத் தேடினார்கள் என்பதற்கு அண்டை ஊர்களும் பிற நாடுகளும் சாட்சி. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூவர் இறந்தார்கள். ஜூலை இறுதியில் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் கிருமிநாசினியைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். ஈரானில் அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 500க்கும் மேற்பட்டோரைக் கொன்றது; மது தொற்றைத் தடுக்கும் என்ற வதந்தியும் அங்கே சேர்ந்துகொண்டது. இவர்களை 'குடிக்காக எதையும் செய்பவர்கள்' என்று செய்திகள் சித்திரித்தன. நாற்பது மணி நேரமாகத் தூங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் உடல் அந்த நடுக்கத்தை நிறுத்தக்கூடிய ஒன்றைத் தேடுகிறது. அதே நேரத்தில், அதே நடுக்கத்தை நிறுத்தும் மாத்திரை ஓரிரு கிலோமீட்டர் தொலைவில் ஓர் அரசு அலமாரியில் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேரளம் எடுத்த வழி வேறு. கடை மூடிய சில நாட்களில் தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கியதும், மார்ச் 30 அன்று அம்மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மதுவிலகல் அறிகுறி இருப்பதாக மருத்துவர் சீட்டுக் கொடுத்தால், கலால் அலுவலகத்தில் அனுமதி பெற்று மது வாங்கிக்கொள்ளலாம் என்றது ஆணை. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மதுவிலகலுக்கு அறிவியல் சிகிச்சை இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதச் சொல்வது முறையல்ல என்றார்கள். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. கேரளத்தால் சூழப்பட்ட மாஹே புதுச்சேரியின் ஒரு பகுதி என்பதால் இந்தச் செய்தி இங்கும் கூர்ந்து கவனிக்கப்பட்டது.

மருத்துவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆணையில் ஒரு நேர்மை இருந்தது. கடையை மூடும் அரசுக்கு, மூடியதால் நோயுறுபவர் மீது பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஆணை அது. வழி தவறியிருக்கலாம், பொறுப்புணர்வு தவறவில்லை. தமிழ்நாடோ புதுச்சேரியோ அந்த அளவுக்குக்கூடக் குடிநோயாளியை நினைத்து ஓர் ஆணை போட்டதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மே 7 அன்று டாஸ்மாக் திறந்ததும், ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்றதும், உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும், 16ஆம் தேதி மறுபடி திறந்ததும் எல்லாம் விற்பனையின் கதைகள்.

புதுச்சேரியில் மருத்துவ வசதிக்குப் பஞ்சமே இல்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல்தான் ஜிப்மர். 1964 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் போதை மீட்புத் திட்டம் 1980களின் இறுதியில் உருவானபோது அதில் இடம்பெற்ற தொடக்கக் கால நிறுவனங்களில் ஜிப்மரும் ஒன்று. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, காலாப்பட்டில் பிம்ஸ், பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி, மதகடிப்பட்டில் மணக்குள விநாயகர் என்று சின்னஞ்சிறு நிலப்பரப்பில் எட்டுக்குக் குறையாத மருத்துவக் கல்லூரிகள். பெரும்பாலான கிராமங்களுக்குச் சில கிலோமீட்டருக்குள் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. இந்தியாவில் குடிநோய் விலகலை வீட்டுவாசலிலேயே கவனிக்கத் தகுதியான ஊர் எது என்று கேட்டால் நான் புதுச்சேரியைத்தான் சொல்வேன்.

ஆனால் தொற்று வந்ததும் இந்த வலிமையெல்லாம் ஒரே திசையில் திரும்பியது. கதிர்காமம் மருத்துவமனை கொரோனாவுக்கான முதன்மை மருத்துவமனையானது. ஜிப்மரில் வழக்கமான புறநோயாளிப் பிரிவுகள் நின்று, அவசர சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. படுக்கைகள் தொற்றுக்கு வேண்டும், மருத்துவர்கள் தொற்றுப் பணிக்கு வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போதை மீட்புப் பிரிவு, 'தள்ளிப்போடக்கூடிய' சிகிச்சைகளின் பட்டியலில் தானாகவே போய் விழுந்துவிட்டது. பித்தப்பைக் கல்லை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம். மதுவிலகலைத் தள்ளிப்போட முடியாது. கடை மூடிய தேதிதான் அதன் அறுவைத் தேதி.

இதோடு எல்லை வேறு. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. ஜிப்மருக்கு வரும் நோயாளிகளில் பெரும் பகுதியினர் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ்நாட்டவர்கள். பேருந்து ஓடவில்லை. சோதனைச்சாவடியில் 'அவசரமா?' என்று கேட்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை விட்டுவிடுவார்கள். கை நடுங்கும் கணவனை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து வரும் பெண் என்ன சொல்வாள்? "குடியை நிறுத்துனதால உடம்பு சரியில்லைங்க" என்று சொல்லத்தான் முடியுமா? சொன்னாலும், அது அவசரம் என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் காவலருக்கு யார் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்?

தொலைபேசி மருத்துவம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று பலரும் நம்பினோம். ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று இந்தியாவின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. ஜிப்மரும் பின்னர் தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியது. நீரிழிவுக்காரருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் அது பெரும் உதவி. குடிநோயாளிக்கு அதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்த நெறிகளின் தடைப் பட்டியலில், போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழி எழுதக் கூடாது என்று இருந்தது. மதுவிலகலுக்கான முதன்மை மருந்துகளான டயசெபாமும் அதன் குடும்பமும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. தவறாகப் பயன்படுத்தப்படும் மருந்துகள் என்பதால் அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ஆனால் விளைவு என்ன? வர முடியாதவருக்குத் தொலைபேசி இருந்தது. தொலைபேசியில் அவருக்கு வேண்டிய மருந்து இல்லை. மனநலத் துறையினர் எடுத்துச்சொன்ன பிறகு அந்த ஆண்டிலேயே மனநல மருந்துகள் குறித்துச் சில தளர்வுகள் வந்தன. முதல் வாரம் அதற்குள் கடந்துபோயிருந்தது.

வீட்டிலிருந்தே மதுவிலகலைக் கையாளும் முறை புதிதன்று. வலிப்பு வந்த வரலாறு இல்லாதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், கூட இருந்து கவனிக்க ஓர் ஆள் உள்ளவர் என்றால் மருத்துவர்கள் வீட்டிலேயே பார்ப்பார்கள். மருந்துச் சீட்டில் நாள் வாரியாக அளவு இறங்கும்: முதல் இரண்டு நாள் காலை, மதியம், மாலை, இரவு, பிறகு மதியம் நிற்கும், பிறகு காலை நிற்கும், ஆறாவது ஏழாவது நாளில் இரவு ஒன்று மட்டும். மாத்திரைப் பொட்டலம் நோயாளியின் கையில் இருக்காது. மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கும். 'அண்ணன் கேட்டாலும் சேர்த்துக் குடுக்காதீங்கம்மா, குடிச்சிருந்தா குடுக்கவே குடுக்காதீங்க' என்று செவிலியர் அழுத்திச் சொல்லி அனுப்புவார். மறுநாள் ஒரு கிராமச் செவிலியர் எட்டிப்பார்த்து, கையை நீட்டச் சொல்லி, விரல்கள் ஆடுவதைக் கவனித்து, நாக்கைப் பார்த்து, 'இன்னைக்கு என்ன கிழமை' என்று கேட்டால் போதும். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்று தெரிந்துவிடும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் 1989 முதல் கிராமத்திலேயே முகாம் அமைத்துக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக் காட்டியது. பெரிய மருத்துவமனை இல்லாமலே, ஊர்ப் பெரியவர்களையும் குடும்பத்தையும் கூட்டிவைத்து இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முப்பது ஆண்டு முன்மாதிரி இருந்தது.

ஊரடங்கில் கிராமச் செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும் வீடு வீடாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டார்கள். 'வீட்டில் தினமும் குடிப்பவர் உண்டா, நிறுத்தியபின் நடுக்கம் உண்டா' என்ற நான்காவது கேள்வியைச் சேர்ப்பதற்குத் தனிச் செலவு ஏதும் ஆகியிருக்காது.

மற்றப் போதைகளுக்கான சேவைகள் இதைவிடச் சுறுசுறுப்பாக மாறின. அபின் வகைப் போதைக்கு ஆட்பட்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தைத் தினமும் செவிலியர் கண்முன் நாக்கடியில் வைத்துக் கொடுப்பார்கள். ஊரடங்கு வந்ததும், சில நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதி தரப்பட்டது. பஞ்சாபும் தன் மையங்களில் இரண்டு வாரம் வரை கொடுத்தது. ஆண்டுக்கணக்காக 'விற்றுவிடுவார்கள், ஊசியில் ஏற்றிக்கொள்வார்கள்' என்ற அச்சத்தால் மறுக்கப்பட்ட ஒன்று சில நாட்களில் சாத்தியமானது. அமெரிக்காவில் மெதடோன் மருந்தை நிலைப்பட்ட நோயாளிகளுக்கு 28 நாள் வரை கொடுக்க 2020 மார்ச்சில் விதி தளர்ந்தது. அஞ்சியபடி அதனால் சாவு பெருகவில்லை என்று ஆய்வுகள் காட்டின. 2024இல் அந்தத் தளர்வு நிரந்தர விதியானது. தீங்குக் குறைப்பு என்று இந்தத் துறையினர் சொல்வது இதைத்தான்: ஆள் முழுதாகத் திருந்திய பிறகு உதவுவோம் என்று காத்திராமல், இருக்கும் நிலையிலேயே அவரை உயிரோடும் தொடர்போடும் வைத்திருப்பது. நாட்டின் பெரும்பான்மைப் போதையான மதுவுக்கு இந்த மனநிலை வரவே இல்லை. புதுச்சேரிக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

குடியை விட்டவர்களுக்கும் ஊரடங்கு சோதனையாகத்தான் இருந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நேரில் நின்றுபோய், உலகெங்கும் ஜூம் திரைக்கு மாறின. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு, ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருப்பவருக்கு, தன் கதையைத் திரையில் சொல்வது எளிதல்ல. டைசல்பிராம் சாப்பிடுபவர்களுக்கு விநோதமான ஒரு கவலை வந்தது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரவைக்கும் மருந்து அது. எங்கு போனாலும் கையில் ஊற்றப்பட்ட கிருமிநாசினியின் ஆவியே அப்படி ஓர் எதிர்வினையைக் கிளப்புமா என்று மருத்துவ இதழ்களில் விவாதம் நடந்தது. சோப்பால் கை கழுவுங்கள் என்று ஒரு வரி சொன்னால் தீரும் விஷயம். அதைச் சொல்லவும் யாராவது தொலைபேசியில் இருக்க வேண்டும்.

கடை மூடியதை நன்மையாகக் கண்டவர்களையும் மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. குடிகாரரின் மனைவிக்கு அந்த இரண்டு மாதத்தில் கூலிப்பணம் வரவில்லை என்றாலும், வந்த ரேஷன் அரிசி வீட்டில் தங்கியது. அடி வாங்காத இரவுகள் பலருக்கு வாய்த்தன. மே மாதம் தமிழ்நாட்டில் டாஸ்மாக் திறந்தபோது தெருவில் இறங்கிக் கத்தியவர்களில் பலர் பெண்கள். தென்னாப்பிரிக்காவில் மார்ச் 27 முதல் மே இறுதி வரை மது விற்பனை தடைசெய்யப்பட்டபோது வெட்டுக்காயம், விபத்து என்று அவசரப் பிரிவுக்கு வருவோர் கணிசமாகக் குறைந்தார்கள். ஜூன் 1 அன்று கடை திறந்த உடனேயே ஏறினார்கள். மது கிடைப்பது குறைந்தால் தீங்கு குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடையை மூடியது தவறு என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. மூடும்போது, அதனால் நோயுறும் சில ஆயிரம் பேருக்கு மருந்து வைத்திருக்காததுதான் தவறு.

இன்னும் பெரிய இழப்பு நடந்தது மே 25 அன்று என்பேன். கணக்குப் போடுங்கள்: மார்ச் 25 முதல் அறுபத்தொரு நாட்கள். கள்ளச்சந்தையில் இரட்டை மும்மடங்கு விலை கொடுக்க முடியாத ஏழைக் குடிநோயாளிகளில் பலர் விலகல் கட்டத்தை எப்படியோ கடந்து, இரண்டு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டார்கள். போதை மீட்பு மையத்தில் ஒருவரை முப்பது நாள் தங்கவைப்பதற்கே குடும்பம் நகையை அடகு வைக்கும். இங்கே ஊர் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பைசா செலவில்லாமல் அந்தக் கட்டத்தைத் தாண்டி நின்றார்கள். மூளை தெளிந்திருந்தது, பசி திரும்பியிருந்தது, பிள்ளைகளோடு பேச்சு வந்திருந்தது. குடிநாட்டத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைத் தொடங்குவதற்கும் ஆலோசனைக்கும் இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. அவர்களை எதிர்கொள்ள அரசு அனுப்பியது என்ன? தடுப்புக் கட்டைகள், ஒரு மீட்டர் இடைவெளிக்கு வட்டங்கள், காவலர்கள், புதிய விலைப்பட்டியல். அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, ஜிப்மரிலிருந்தோ அரசுப் பொது மருத்துவமனையிலிருந்தோ ஓர் ஆலோசகரை உட்காரவைத்து, 'ரெண்டு மாசம் குடிக்காம இருந்தீங்களே, இன்னும் கொஞ்ச நாள் பாப்போமா' என்று கேட்க ஆளில்லை. நூறு பேரில் ஐந்து பேர் வரிசையை விட்டு அந்த மேசைக்கு வந்திருந்தாலும் அது பெரிய அறுவடை. இரண்டு மாத இடைவெளிக்குப் பின் பழைய அளவையே ஒரே மூச்சில் குடித்தால் உடல் தாங்காது என்ற எச்சரிக்கையைக்கூடக் கடை வாசலில் ஒட்டியிருக்கலாம்.

2021இல் இரண்டாம் அலையின்போது கடைகள் மறுபடி மூடி, ஜூன் 8 அன்று புதுச்சேரியில் திறந்தன. அப்போது தமிழ்நாட்டில் டாஸ்மாக் இன்னும் மூடியிருந்ததால் எல்லை தாண்டிக் கூட்டம் வந்தது. செய்திப் படங்களில் முந்தைய ஆண்டின் அதே காட்சி.

குடிநோய்ச் சிகிச்சை கருணையின் பேரில் கேட்கும் சலுகை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அரசு நடத்தும் சேவைகளிலிருந்து சிகிச்சை பெறும் உரிமையை அதன் 18ஆம் பிரிவு தருகிறது. ஊரடங்கு அந்த உரிமையை நிறுத்திவைக்கவில்லை. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது என்பதைத் தொற்றுக்கு முந்தைய எண்களே காட்டுகின்றன. எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.9 கோடி பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார், உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சிய முப்பத்தேழு பேருக்குப் போகத் தெரிந்த ஒரே இடம் கடைதான். அந்தக் கடையும் மூடியபோது அவர்கள் மருத்துவமனையின் வழி தெரியாமல் நின்றதில் வியப்பில்லை.

காசநோய்த் திட்டத்தைப் பாருங்கள். ஊரடங்கில் மாத்திரை விட்டுப்போகக் கூடாது என்று அந்த ஊழியர்கள் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏனென்றால் அங்கே நோயாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, அவருக்கென ஓர் ஊழியர் பொறுப்பில் இருக்கிறார். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் ஜிப்மர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய காசநோய் ஆய்வுகள், ஆண் நோயாளிகளிடையே குடி எவ்வளவு பரவலானது என்பதையும் பதிவு செய்தன. அதாவது குடிநோயாளிகளில் ஒரு பகுதியினரின் வீட்டு வாசலுக்கு அரசு ஊழியர் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தார், வேறொரு மாத்திரையோடு.

தொற்று ஓய்ந்தாலும் இந்தக் கேள்வி ஓயவில்லை. 2023 மே மாதம் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல் இறந்தார்கள். பார்வை மங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டார்கள். மலிவான சரக்கைத் தேடிப் போக வைப்பது வறுமையும் சார்பும் சேர்ந்த அதே நிலை. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவை 14416 எண்ணில் தொடங்கியிருக்கிறது. போதை மீட்புக்கென 14446 என்ற தேசிய எண்ணும் உண்டு. இந்த எண்களைப் புதுச்சேரியின் ஒவ்வொரு சாராயக்கடைப் பலகையிலும், உரிம எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கலால் துறை ஒரு நிபந்தனை போட்டால் போதும். உரிமமும் ஏலமும் அந்தத் துறையின் கையில்தான் இருக்கின்றன.

ஒத்திகைக்கு அடுத்த பெருந்தொற்றை எதிர்பார்க்கவும் தேவையில்லை. ஒவ்வொரு தேர்தலிலும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய நாற்பத்தெட்டு மணி நேரம் மதுக்கடைகளை மூடுகிறோம். வலிப்பு வரக்கூடிய காலமும் அதே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்தான். மூடும் தேதி வாரக்கணக்கில் முன்பே தெரியும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும், அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எத்தனை பட்டை டயசெபாம், எத்தனை ஊசி தயமின் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இரவுப் பணிச் செவிலியருக்கு ஒரு பக்கச் சிகிச்சைக் குறிப்பைக் கையில் கொடுக்கலாம். 108 ஆம்புலன்ஸ்காரர்களுக்கு 'நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்றால் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள்' என்று சொல்லிவைக்கலாம். அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற கணக்கு ஜிப்மர் மனநலத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் போய்ச் சேர்ந்தால், எந்த நிலையத்தில் எவ்வளவு மருந்து வைக்க வேண்டும் என்பதை அடுத்த முறை ஊகிக்க வேண்டியிருக்காது.